பத்துப் பேரை மாற்றிய வரலாறு

உலகில் எத்தனையோ பேரரசுகள் வீழ்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட, வீழும்போது மறுசீரமைப்புக் குழு அமைத்ததாகத் தெரியவில்லை. திருமுல்லைவாயில் கோதண்டபாணி நினைவுக் கால்பந்துக் கழகம் அமைத்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் கழகம் வரலாற்றில் தனி இடம் பெறும் என்பதை, அதன் தலைவர் என்ற முறையில், அடக்கத்துடன் கூறிக்கொள்கிறேன்.

கழகத்தை நிறுவியவர் என் தந்தையார். அவர் எழுதிவைத்த விதிகளில் நான்காவது மட்டும் இன்றுவரை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கப்படுகிறது. ஒன்பதாம் எண் சட்டை எங்கள் குடும்பத்துக்கு உரியது. ஆட்டத்தின் முதல் உதையும், எப்போதாவது கிடைக்கும் பெனால்டி உதையும் அந்தச் சட்டைக்கே உரியவை. கோயிலில் பரிவட்டம் யாருக்கு என்று எவராவது ஓட்டெடுப்பு நடத்துவார்களா? தந்தையாருக்குப் பின் நான் அணிந்தேன். எனக்குப் பின் என் மகன் ரவிச்சந்திரன். அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. ஓட்டத்தில் நிதானம் கூடியிருக்கிறது.

சென்ற ஆண்டு வட்டார லீக்கின் கடைசி டிவிஷனில் பன்னிரண்டு ஆட்டங்கள். பத்தில் தோற்றோம். ஒன்று மழையால் நின்றது. எஞ்சிய ஒன்றில், எதிரணி வந்த வேன் பூந்தமல்லி தாண்டி நின்றுவிட்டதால் நாங்கள் வென்றோம். அந்த வெற்றிக்கு ஸ்டேஷன் அருகே பேனர் வைத்தோம். பேனர் வைத்த வாரமே லீக்கிலிருந்து கடிதம் வந்தது: இந்த ஆண்டும் கடைசி இடம் என்றால் கழகத்தின் பெயர் நீக்கப்படும்.

உடனே 'மறுசீரமைப்பு' தொடங்கியது. ஆலோசகராக உதயகுமார் அமர்த்தப்பட்டார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர், அயப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடியேறிய ஐ.டி. ஊழியர். எங்கள் கூடத்துச் சுவரில் வண்ண வண்ணமாகப் படம் காட்டி விளக்கினார்.

"சீசன் முழுக்க எதிராளி கோல் பக்கத்துல எழுபது பாஸ் போயிருக்கு சார். எழுபதும் ஒரே எடத்துலதான் செத்துப் போகுது."

"எந்த இடத்துல?"

"ஒம்பதாம் நம்பர் காலுக்கிட்ட."

ரவிச்சந்திரன் மூலையில் உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் சுவரில் இருந்த தந்தையாரின் படத்தைப் பார்த்தேன். உதயகுமாரும் பார்த்தார்.

"இதை வேற கோணத்துல ஆராய்ஞ்சீங்களா?" என்றேன்.

"இந்தா, இப்பத்தான் சார் ஆராயிறேன். மத்த பத்துப் பேரும் தப்பான பாஸா குடுத்திருக்காங்க."

தரவுகளின் அடிப்படையில் முடிவெடுப்பது என்றால் இதுதான். பத்துப் பேரும் விடுவிக்கப்பட்டார்கள். ஆளுக்கு ஒரு பொன்னாடை, ஒரு பாராட்டுக் கடிதம். ஒன்பது பேர் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் எழில் மட்டும் நின்றான். அவன் லெஃப்ட் பேக். பின்னால் நின்று எதிராளியைத் தடுப்பது அவன் வேலை.

"இன்னா பெரியவரே, போன வருசம் நம்ம டீமு போட்டதே மூணு கோலு. மூணும் நான் போட்டது. என்னியப் போயி தூக்குறியே?"

"அதுதான்பா உன் மேல இருக்கிற குற்றச்சாட்டு. கோல் போடற பொறுப்பை உனக்கு யார் குடுத்தது?"

"ரவி அண்ணன் நின்னுகினு இருந்துச்சு. பந்து சும்மா கெடந்துச்சு. அடிச்சேன்."

"கேட்டுட்டு அடிச்சியா?"

எழில் பொன்னாடையைப் பிரித்துப் பார்த்தான். "வண்டி தொடைக்க ஆவும்," என்று சொல்லிவிட்டுப் போனான். பக்குவம் போதாது.

புதியவர்களுக்குக் கடுமையான தேர்வு வைத்தோம். ரவிச்சந்திரன் கோல் முன்னால் நிற்பான். வருபவர் இருபதடி தள்ளி நின்று பந்தை அவன் காலடியில் சேர்க்க வேண்டும். அவன் ஓர் அடி நகர நேர்ந்தாலும் வந்தவர் தகுதி இழப்பார். எண்பத்து மூன்று பேர் வந்தார்கள், ஒன்பது பேர் தேறினார்கள். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஜேம்ஸ் அவர்களில் முதல்வன், அவனையே கேப்டனாக்கினோம். பத்தாமவர் மாங்காட்டு ஜிம் பயிற்சியாளர். அவர் பந்தைத் தொடவில்லை, என் காலைத் தொட்டார்.

மறுசீரமைப்பின் பலன் உடனே தெரிந்தது. ரவிச்சந்திரனுக்கு வந்த பாஸ்கள் எழுபதிலிருந்து இருநூறாக உயர்ந்தன. முறையற்ற கோல்கள் அறவே ஒழிந்தன. மற்ற கோல்களும் விழவில்லை.

ஆயினும் கடைசி ஆட்டத்தைச் சமன் செய்தால்கூட, அந்த ஒரு புள்ளியில் கடைசி இடத்தைத் தாண்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தது. எதிரணி, எங்களால் விடுவிக்கப்பட்ட பத்துப் பேரும் சேர்ந்து தொடங்கிய புதிய அணி. பன்னிரண்டாம் நிமிடத்தில் எழில் கோல் போட்டான். யாரையும் கேட்கவில்லை.

கடைசி நிமிடத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. ஜேம்ஸ் பந்தை எடுத்து ரவிச்சந்திரனிடம் நீட்டினான். அவன் வாங்காமல், கோட்டருகே நின்ற என்னிடம் நொண்டிக்கொண்டே வந்தான்.

"அப்பா, முட்டி மடங்கல. ஜேம்ஸ் அடிக்கட்டும்."

"மூணு தலைமுறை, ரவி."

"இருவத்தாறு வருசம்பா. எனக்கு இந்த ஆட்டமே புடிக்காது. ஒரு தடவ கேட்டிருப்பீங்களா?"

"எழுத்து மூலமா செயற்குழுவுல வை. இப்ப போய் அடி."

அவன் அங்கேயே புல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். "டேய் ஜேம்ஸ், நீயே அடிடா!"

ஜேம்ஸ் அடித்தான். பந்து வலையின் மேல் மூலையில் போய் விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று. விசில் ஊதிவிட்டார்கள். மைதானமே துள்ளியது. "மாமே, இன்னா அடிடா அது!" என்று எழில்கூட ஓடிவந்து ஜேம்ஸைக் கட்டிக்கொண்டான்.

கழகம் பதினைந்து நிமிடம் பிழைத்திருந்தது. அதற்குள் நான் மனு எழுதி முடித்துவிட்டேன்.

லீக் செயலாளர் தேவராஜ் அதை இரண்டு தடவை படித்தார். "ஐயா, தோத்தவங்கதான் புகார் குடுப்பாங்க. நீங்க போட்ட கோலை நீங்களே செல்லாதுங்கறீங்களே?"

"விதி நான்குக்கு முரணான கோல். எங்க கழகம் அதை ஏத்துக்காது."

"எங்க புஸ்தகத்துல அப்படி ஒரு விதி இல்லீங்களே."

"உங்க புஸ்தகம் எங்கப்பாவுக்கு அப்புறம் வந்தது."

"இதுல கையெழுத்துப் போட்டா கழகமே போயிடும், ஐயா."

"கௌரவம் இருக்கும்," என்று சொல்லிக் கையெழுத்திட்டேன். அவரிடமிருந்த பேனா சரியில்லை; என் பேனாவில் இட்டேன்.

மறுவாரமே பெயர் நீக்கப்பட்டது. எங்கள் குடும்ப கௌரவத்துக்கு இம்மியும் பழுதில்லை. ரவிச்சந்திரன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு மணி வரை தூங்குகிறான். முகத்தில் ஒருவிதத் தெளிவு காணப்படுகிறது. வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மறுசீரமைப்பின் நிறைவுக் கூட்டத்துக்கு உதயகுமார் மட்டும் வந்தார், தம் புரொஜெக்டரை எடுத்துப்போக. குறை ஏதும் நேர்ந்ததா என்று முறைப்படி கேட்டேன்.

"மாத்த வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் சார். அத விட்டுட்டு மத்த எல்லாத்தையும் மாத்திட்டோம்."

"ரவியைச் சொல்றீங்களா?"

"இல்ல சார்," என்றார். கை நீட்டிக் காட்டினார்.

அவர் காட்டிய திசையில் நான் உட்கார்ந்திருந்த தலைவர் நாற்காலிதான் இருந்தது. ஆலோசகர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். தேக்கில் புதிதாக ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன்.