முதற்பரிசு வாங்கிய 'நிம்மதி'

வாழ்க்கையில் ஒரேயொரு தரம் ஓவியத்துக்கு முதற்பரிசு வாங்கியிருக்கிறேன். அன்றோடு ஓவியத்தையும் விட்டேன். என் கூடப்பிறந்த ராத்தா வீட்டில் நிமிர்ந்து உட்காருவதையும் விட்டேன்.

சூறாவளி எங்கள் கரையைப் புரட்டிப்போட்டு இரண்டு வருடம் இருக்கும். கல்முனையில் ஒரு சங்கத்தார் 'நகரப் பூங்காவும் இயற்கையும்' என்று ஓவியப் போட்டி வைத்தார்கள். எனக்கு வயது இருபது. சோதனையில் இரண்டு தரம் கோட்டைவிட்டு, ராத்தா வீட்டில் சும்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். (அதற்குக் 'கலைஞனின் தேடல்' என்று நானே பெயர் வைத்திருந்தேன்.) ராத்தாவின் புருசன், என் மச்சான், ஒரு புடவைக் கடையில் வேலை. அதிகம் கதைக்கமாட்டார். காலையில் சோத்துப் பார்சலோடு சைக்கிளில் போவார், பொழுதுபட வருவார்.

பூங்காவுக்கு எதிரே வாசிகசாலை. அதன் மேல்மாடி யன்னலோரம் இருந்து இரண்டு கிழமை வரைந்தேன். சூறாவளிக்குத் தப்பிய ஒரு வாகை மரம்; அதன் கீழே உட்கார ஒரு சீமெந்து வாங்கு. அதில் தினமும் ஒருவன் தலையில் துவாயைப் போட்டபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பான். மத்தியானத்தில் பார்சலை அவிழ்த்துக் காகங்களுக்கு எறிவான். கொடுத்துவைத்தவன் என்று எனக்குப் பொறாமை. அவன் சேட்டுத் தோளில் தைத்திருந்த நீலத் துணி ஒட்டைக்கூட விடாமல் வரைந்து, படத்துக்கு 'நிம்மதி' என்று பெயர் போட்டேன்.

பரிசளிப்புக்கு மச்சான் வரமாட்டேன் என்றார். ராத்தாதான் இழுத்துக்கொண்டு வந்தா.

"இயற்கையோடு ஒன்றிவிட்ட இந்த மனிதனுக்கு உலகக் கவலையே இல்லை!" என்று நடுவர் படத்தைக் காட்டிப் பேசினார். சனம் கைதட்டியது. கூட்டம் முடிந்ததும் ராத்தா படத்துக்குக் கிட்டப் போய்க் கனநேரம் பார்த்தா.

"தம்பி, இந்த ஒட்டு நான் போட்டதெல்லுவா?"

அப்போதாவது என் வாயை மூடியிருக்கலாம்.

"இல்ல ராத்தா, இவன் ஆரோ வேல வெட்டி இல்லாதவன். ஒவ்வொரு நாளும் வந்து குந்திக்கிட்டு இருப்பான். வீட்டுல தேடுறதுக்கும் ஆளில்ல போல."

மச்சான் எங்களுக்குப் பின்னால்தான் நின்றார். அப்படியே வெளியே நடந்தார். (வீட்டில் அவர் என்ன சேட்டுப் போடுகிறார் என்று ஒரு நாளும் பார்க்காத பெரிய ஓவியன் நான்.)

வீட்டில் விசயம் வெளிவந்தது. கடைக்காரர் ஆள் குறைத்து மூன்று மாதம். சொல்ல வாய் வராமல், நாளெல்லாம் பூங்காவில் இருந்திருக்கிறார். இடையிடையே மூட்டை தூக்கப் போய் வீட்டுச் செலவைச் சமாளித்திருக்கிறார்.

"வேல போனதச் சொல்லாட்டிப் போகட்டும்," என்று ராத்தா அழுதா. "நான் கட்டித்தந்த சோத்தயாவது திண்டிருக்கலாமே?"

"இறங்கல்ல புள்ள," என்றார் மச்சான்.

அடுத்த வருடம் அவர் சவூதிக்குப் போனார். ஒன்பது வருடம். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அவரைப் புகைப்படத்தில் பார்த்தே வளர்ந்தார்கள். பரிசு நாளோடு தூரிகையை விட்ட நான், ஒரு இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

இப்போதும் வீட்டுக்கு யாராவது வந்தால் மச்சான் என்னைக் காட்டிச் சொல்வார்: "இவர்ர படத்துல பரிசு எடுத்தது என்ட முதுகுதான். முகத்த வரைஞ்சிருந்தா ஒண்டும் கிடைச்சிருக்காது."

வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மச்சானும் சிரிப்பார். ராத்தா மட்டும் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவா.