டிவியில் தெரியாத ஆட்டம்

டிவி முன்னறையை விட்டுப் போய்விட்டது. அதைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தவர் அந்த வீட்டுக்காரரேதான். யாரும் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவர் வாய்தான் இழுத்தது.

மனிதர் பல்செட் செய்கிறவர். வீட்டின் பக்கத்து அறைதான் பட்டறை. அலமாரி நிறைய பிளாஸ்டரில் வார்த்த தாடைகள். பகலெல்லாம் எதிர்த்துப் பேசாத வாய்களோடு வேலை. வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று தினமும் எதிர்பார்த்தார். தினமும் ஏமாந்தார்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கூடைப்பந்து. அதுவும் ஊர்க் கல்லூரிப் பையன்கள் ஆடுகிற ஆட்டம். உள்ளூர் சேனலில் போடுவார்கள். முன்னறையில் டிவிக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டு கோச்சுக்கு யோசனை சொல்வார். கோச் கேட்பதில்லை. அதனால்தான் தோற்கிறார்கள் என்பது அவர் கட்சி.

மனைவி தையல்காரி. திரைச்சீலை, தலையணை உறை, பள்ளிச் சீருடை. மெஷின் கிடந்தது சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள நடையில். பட்டப்பகலிலும் அங்கே விளக்குப் போட வேண்டும். வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வருவது முன்னறை ஜன்னலில். அந்த ஜன்னலை மறைத்துக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டியபடி நின்றது டிவி.

"ஏங்க, ஊசில நூல் கோக்க முடியல. கண்ணு போகுது. டிவிய நடையில வச்சிட்டு மெஷினை ஜன்னலுக்கு மாத்துங்க."

"டிவி உள்ள போச்சுன்னா நான் வெளிய போயிடுவேன்."

"எங்க போவீங்க?"

போக இடம் இருந்தால் எப்போதோ போயிருப்பார்.

"கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் போட்டுத் தைக்கறேன். தையல் எங்க போகுதுன்னே தெரியல. நேத்து என் புடவை முந்தானையையும் சேத்துத் தச்சிட்டேன்."

"பாத்துத் தைக்கறதுக்கென்ன?"

"அதத்தான் நானும் சொல்றேன். பாக்கணும்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கல்லூரி வார்டன் புதுப் பல்செட் போட்டுக்கொண்டார். கடிக்க முடிந்த சந்தோஷத்தில் அடுத்த வார ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். அரையிறுதி ஆட்டம். உள்ளூரிலேயே, கல்லூரி அரங்கத்திலேயே.

பல்செட்டுக்காரர் கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு யோசித்தார். மனிதர் ஒரு ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. பார்க்கப் போகிறோம் என்ற குறுகுறுப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு திட்டம். இவளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நேரில் ஒரு தடவை பார்த்தால் ஆட்டத்தின் அருமை புரியும். புரிந்துவிட்டால் ஜன்னல் பேச்சு அத்தோடு செத்தது.

"இந்தா, நீயும் வா. பாத்துட்டு வந்து அப்புறம் சொல்லு, டிவி எங்க இருக்கணும்னு."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான் எதுக்குங்க சொல்லணும்? எனக்கு ஆட்டத்தப் பத்தி என்ன தெரியும்? பாத்துட்டு வந்து நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்ற எடத்துல இருக்கட்டும்."

அவருக்குக் காதுகளை நம்ப முடியவில்லை. "நான் சொல்றதுதானா?"

"நீங்க சொல்றதுதான். ஆனா ஒரு தடவ சொன்னா சொன்னதுதான். மாத்தக் கூடாது."

"நான் மாத்திப் பேசறவனா?"

அன்று ராத்திரி அவர் குறட்டையில்கூட ஒரு வெற்றி முழக்கம் இருந்தது.

அரங்கத்தில் இடம் கிடைத்தது நடு வரிசையில். உட்கார்ந்த உடனே அவருக்கு ஏதோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது: யாரும் பேசவில்லை. ஆயிரம் பேர் கத்துகிறார்கள். ஆனால் என்ன நடக்கிறதென்று சொல்ல ஒரு ஆள் இல்லை. டிவியில் எப்போதும் ஒருத்தன் சொல்லிக்கொண்டே இருப்பான். அவர் அவனைத் திட்டிக்கொண்டே இருப்பார். இங்கே திட்டக்கூட ஆளில்லை.

விசில் ஊதினார்கள். பந்தைத் தூக்கிப் போட்டார்கள். பிறகு பந்தைக் காணோம். இங்கே ஓடியது, அங்கே எழுந்தது, கூட்டம் கத்தியது. அவர் வலது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க அங்க பாக்கறீங்க?"

"ஸ்கோர் அந்த மூலையிலதான் வரும்."

"அது டிவியிலங்க. இங்க தூண்தான் இருக்கு."

அடுத்த கூடை விழுந்தது. அவர் அசையாமல் நேராகப் பார்த்தபடி காத்திருந்தார்.

"இப்ப என்ன?"

"ரீப்ளே."

"யாரு போடுவா?"

அவர் வேறு வழியில்லாமல் தானே விவரித்துச் சொல்ல ஆரம்பித்தார், ஆட்டக்காரர்களுக்குத் தான் வைத்திருந்த பட்டப்பேர்களோடு. "பந்து இப்ப ஒட்டகச்சிவிங்கி கையில... கொடுக்கறான்... கொடுக்கல..." முன்வரிசையில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவர் இருமிவிட்டு நிறுத்தினார்.

அப்போதுதான் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்டாள். சும்மாதான் கேட்டாள், திரைச்சீலைக்கு நீளம் கேட்பது மாதிரி.

"அந்தத் தடியா இருக்கானே, அவன் ஏன் பந்தையே தொடாம ஓடிட்டிருக்கான்?"

அந்தத் தடியனை அவருக்குத் தெரியும். வருஷக்கணக்காக டிவியில் திட்டி வருகிறவன். எப்போதாவது படத்தில் வருவான், யார்மேலாவது இடித்துக்கொள்வான், மறைந்துவிடுவான். தண்டச்சோறு என்று பேர் வைத்திருந்தார்.

"அவன் அப்படித்தான். தண்டம்."

"தண்டத்துக்கா இவ்வளவு வேர்க்குது?"

அவர் பார்த்தார். பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பார்த்தார். பார்க்கப் பார்க்க விஷயம் பிடிபட்டது. அவன் ஓடிப்போய் எதிராளியின் வழியில் கல்தூண் மாதிரி நிற்கிறான். கூட்டாளியைத் துரத்தி வருகிறவன் இவன் நெஞ்சில் மோதுகிறான். அந்தச் சந்தில் அவன் கூட்டாளி தப்பித்து ஓடிப்போய்ப் பந்தைப் போடுகிறான். அரங்கம் போட்டவனுக்குக் கைதட்டுகிறது. இவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு அடுத்த தூணாகப் போய் நிற்கிறான்.

"அடேய்!" என்றார் பல்செட்டுக்காரர். யாரைப் பார்த்து என்று அவருக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு மனிதர் மனிதராக இல்லை. எதைப் பார்த்தாலும் புதிதாக இருந்தது. ஷூக்கள் தரையில் கீச்சிடுவது எலிக்கூட்டம் சண்டை போடுகிற மாதிரி. பந்து தட்டுகிற அதிர்வு பெஞ்சுப் பலகை வழியாக முதுகெலும்புக்கு வந்தது. ஓரத்து பெஞ்சில் கடைசியாக ஒரு பையன். அவனை இறக்கவே மாட்டார்கள் போலிருக்கிறது. ஆனால் தொண்டை கிழிய அவன்தான் கத்துகிறான், வந்து உட்கார்கிறவர்களுக்குத் துண்டை விரித்துக் கொடுக்கிறான். கோச், ஆட்டக்காரன் தப்புச் செய்தால் திட்டவில்லை. குனிந்து தன் ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டுகிறார். நடுவர் விசிலை வாயில் வைப்பதற்கு முன்னால் சட்டையில் துடைத்துக்கொள்கிறார்.

"ஏங்க, இதெல்லாம் நீங்க டிவியில பாத்திருப்பீங்களே?"

"எங்க பாத்தேன்! அவன் பந்தைத்தானே காட்டறான்!"

"அந்த லேஸ் கட்டறதுகூடவா?"

"லேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

ஃப்ரீ த்ரோ போட ஒட்டகச்சிவிங்கி வந்து நின்றான். முன்வரிசை அம்மாள் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பந்து போய் விழுந்து, கூட்டம் கத்திய பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

மனைவி குனிந்து, "பையனாம்மா?" என்று கேட்டாள்.

"பையன்தான். சத்தத்தை வச்சே தெரிஞ்சுக்குவேன். கண்ணால பாத்தா எனக்கு மாரடைப்பு வந்துடும்."

பல்செட்டுக்காரர் அதன்பின் பாதி நேரம் அந்த அம்மாளின் இமைகளைப் பார்த்தார். கூடையில் விழுகிறதா இல்லையா என்பது அங்கே முன்கூட்டியே தெரிகிறதா என்று ஆராய்ச்சி. நீண்ட விசில் ஊதியது. எல்லோரும் எழுந்து குதித்தார்கள். அவரும் எழுந்து குதித்தார்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். "யாருங்க ஜெயிச்சா?"

அவர் நின்றுவிட்டார். தெரியவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு ஆட்டத்தை முழுதாகப் பார்த்துவிட்டு, யார் ஜெயித்தார்கள் என்று வாசல் காவலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். நம்ம பையன்கள்தான்.

பஸ்ஸில் வாய் ஓயவில்லை. தடியனின் பேரைத் தண்டச்சோற்றிலிருந்து தளபதி என்று மாற்றினார். மனைவி நடு நடுவே ஒரு கேள்வியைக் கிள்ளிப் போட்டாள்.

"டிவியில இந்தச் சத்தம் கேக்காதா?"

"கேக்காது!"

"அந்த அம்மாவக் காட்ட மாட்டாங்களா?"

"எதையும் காட்ட மாட்டான். இத்தன வருஷமா என்னை ஏமாத்தியிருக்கான்!"

வீட்டு வாசலில் மாடிவீட்டுக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டதை நாலு வீட்டுக்குச் சேர்க்கும் வழக்கத்தை மட்டும் விடவில்லை.

"என்னண்ணே, ஆட்டம் எப்படி?"

"ஆட்டமா? இன்னிக்குத்தான்யா ஆட்டம் பாத்தேன். இதுவரைக்கும் பாத்தது ஆட்டமே இல்ல. பந்து போற எடத்துக்குப் பின்னாடியே நாய்க்குட்டி மாதிரி ஓடியிருக்கேன்."

"அப்ப டிவியில பாக்கறது?" என்றார் தபால்காரர்.

"டிவியா? அது பெட்டிய்யா. வெறும் பெட்டி."

மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "நம்ம முன்னறையில இருக்கற பெட்டியுமா?"

"எல்லாப் பெட்டியும்தான்! எங்க கெடந்தா என்ன அது?"

"எங்க வேணா கெடக்கலாமா?"

"எங்க வேணா கெடக்கட்டும்!"

"நடையில?"

"நடையிலயே கெடக்கட்டும்! அதுக்கு அந்த இருட்டே அதிகம்!"

"கேட்டீங்களாண்ணே?" என்றாள் அவள், படியைப் பார்த்து.

"கேட்டேம்மா," என்றார் தபால்காரர். "தெளிவாக் கேட்டேன்."

சூட்டோடு சூடாக பல்செட்டுக்காரரே டிவியைத் தூக்கினார். தபால்காரர் ஒயரைப் பிடித்துக்கொண்டார். நடையில் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்தால், மெஷின் ஜன்னலடியில் இருந்தது. ஊசியில் நூல் கோத்தாகிவிட்டது. கறுப்பு நூல்.

இரண்டு நாள் சுகமாகப் போயிற்று. வந்தவர்களிடமெல்லாம் தளபதி புராணம் பாடினார். பல் அளவெடுக்க வாயைத் திறந்து உட்கார்ந்தவர்களுக்கு வேறு வழியும் இல்லை.

பிறகு செய்தி வந்தது. இறுதி ஆட்டம் வெளியூரில். டிக்கெட் கிடையாது. டிவியில் மட்டும்.

இறுதி ஆட்டத்தன்று மத்தியானமே நடையில் ஒரு முக்காலியைப் போட்டார். பிளக் எட்டியது, டிவி எரிந்தது. கேபிள் ஒயர் எட்டவில்லை. முன்னறைச் சுவரில் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. திரை முழுக்கப் புள்ளி.

பட்டறையிலிருந்து பல்லுக்குப் போடும் கம்பியைக் கொண்டுவந்து ஒட்டுப் போட்டுப் பார்த்தார். புள்ளி கொஞ்சம் பெரிசாயிற்று. டிவியைச் சாய்த்தார். நிமிர்த்தினார். தானே ஏரியல் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எங்கோ புள்ளிக்குள் தளபதி நெஞ்சில் எவனோ மோதப் போகிறான். அதைப் பார்க்க இவருக்கு நெஞ்சு துடித்தது.

முன்னறையில் மெஷின் நின்றது. "என்னங்க பண்றீங்க?"

"தூசி தட்டறேன்."

"கையத் தூக்கிக்கிட்டா?"

"ஒட்டடை."

மெஷின் மறுபடி ஓடியது.

டிவியை முன்னறைக்கே கொண்டு போகலாமா? வாய் கொடுத்தாகிவிட்டது. மாத்திப் பேசறவனா என்று கேட்டதும் அவரேதான். நாக்கைக் கடித்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

தபால்காரர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். "வாங்கண்ணே! பெட்டியப் பாக்க வந்தீங்களா?"

"இல்ல. மாடியில காத்து நல்லா வருதான்னு பாக்க வந்தேன்."

"வருதா?"

"வருது," என்று சொல்லிவிட்டு, மாடிப்படியில் அரை மணி நேரம் காற்று வாங்கிவிட்டு இறங்கி வந்தார். மானம் இருக்கிறதே.

கீழே வந்தால் நடையில் ஏதோ வித்தியாசம். ஷூ கீச்சிடும் சத்தம். திரையில் படம்! பளிச்சென்று, புள்ளி இல்லாமல். பந்தைத் தூக்கிப் போடப் போகிறார்கள். நடையின் சுவரில் புதிதாக ஒரு துளை. அதன் வழியாகப் புதிதாக ஒரு ஒயர். பின்பக்கக் கதவருகே ஏணியில் கேபிள்காரன் ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி, தெய்வம் மாதிரி வந்தேப்பா! யாரு உன்னைக் கூப்பிட்டது? மாடிவீட்டுக்காரரா?"

"இல்ல சார். இது போன வாரத்து ஆர்டர்."

"போன வாரமா? போன வாரம் டிவி முன்னறையிலதானே இருந்துச்சு?"

"ஆமா சார். நீங்க நேர்ல மேட்ச் பாக்கப் போனீங்கல்ல, அதுக்கு முந்தின நாளு சொன்னாங்க. 'மேட்ச் முடிஞ்சு வந்ததும் அவரே டிவியத் தூக்கி நடையில வச்சிடுவாரு, லைன் அங்க போடணும்'னு. நான் மறுநாளே வரேன்னேன். 'வேண்டாம், ஃபைனல் அன்னிக்கு வந்தாப் போதும், அதுவரைக்கும் கொஞ்சம் தேடட்டும்'னாங்க."

"யாருப்பா சொன்னது?"

கேபிள்காரன் வாயிலிருந்த ஆணியை எடுத்தான்.

"வேற யாரு சார்? உங்க வீட்டம்மாதான்."