மார்ச் வரைக்கும் முசே

ரஃபாயேல் முசே இருமினார். எதிர்ப்பக்கத்துத் தள்ளுவண்டியில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்த கமலக்கண்ணனுக்கு நெஞ்சு அடைத்தது.

"கேட்டியா? நேத்து பூரா நாலு. இன்னைக்கு இப்பவே ஏழு" என்றான் மனைவி அஞ்சலாட்சியிடம்.

"யோவ், ஒரு மனுஷன் இருமுறதைக்கூடவா எண்ணுவ?"

எண்ணத்தான் வேண்டியிருந்தது. வேலை பார்த்த மில் மூடி, கமலக்கண்ணன் புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் இஸ்திரி வண்டி போட்ட வருஷம், மகள் அபியைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவதாக இருந்தான். அவள் அப்போது எட்டாம் வகுப்பு. மடித்த சட்டைகளைக் கொடுக்க எதிர்வீட்டுக்குப் போனவள், கண் மங்கிப்போன முசேவுக்கு ஒரு பிரெஞ்சுக் கடிதத்தை, பள்ளிக்கூடத்தில் கற்ற பிரெஞ்சை வைத்தே தப்பில்லாமல் படித்துக் காட்டினாள். "இந்தப் பொண்ணு படிப்பு இனிமே என் பொறுப்பு" என்று முசே அன்றைக்கே சொன்னார். அதன் பிறகு ஒரு தடவைகூட ஃபீஸ் தவறியதில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போய்க் கட்டிவிட்டு வருவார்.

இப்போது அபி பிளஸ் டூ. பரீட்சை மார்ச்சில். முசேவுக்கு எழுபத்தெட்டு. அதற்குள் அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அபி ஏதாவது ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை பிரித்துப் போட வேண்டியதுதான். இந்த நினைப்பு வெட்கக்கேடானது என்று கமலக்கண்ணனுக்கும் தெரியும். வெட்கப்பட்டால் கரி பற்றாது.

"மார்ச் வரைக்கும் தாங்குவாரா?" என்றான்.

"வாயைக் கழுவு."

"நர்சிங் வேற சேத்து வுடறேன்னு சொல்லியிருக்காரு. அப்ப இன்னும் நாலு வருஷம் வேணும்."

நின்ற இடத்திலேயே முசேவுக்கு நாலு வருஷம் ஆயுசு கூட்டிக் கொடுத்துவிட்டு அவன் அடுத்த சட்டையை எடுத்தான்.

முசேவிடம் பணம் இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. தொப்பி வைத்து, காலையில் நீள ரொட்டி வாங்கி, எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் 'போன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் வைக்கிற, தெருவே 'முசே', அதாவது ஐயா, என்று கூப்பிடுகிற கிழவர் என்றால், அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா; சொல்தா என்றால் பிரான்ஸ் பென்ஷன். புதுச்சேரியில் இதைக் குழந்தைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணன் இறந்ததிலிருந்து முசே தனிக்கட்டை. முன் அறையை ஜெராக்ஸ் கடைக்கு விட்டிருந்தார். காலையில் வேலைக்காரி சின்னப்பொண்ணு வந்து பெருக்கித் துடைத்து, ஒரு உலை வைத்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் கமலக்கண்ணன் ஆடாதோடையும் மிளகும் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தோடு போனான்.

"முசே, இதை வெறும் வயித்துல குடிக்கணும்."

"வயிறு வெறும் வயிறுதான்பா" என்று முசே சிரித்தபடி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். கால் மணி நேரத்தில் வாந்தி எடுத்தார். மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. இருமல் மட்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"கடல்காத்துதான் காரணம்" என்றான் ஆட்டோ ஓட்டும் இராமதாஸ். "வயசானவங்களுக்குக் காலையில அந்தக் காத்து ஆவாது."

முசே தினமும் கடற்கரைக்கு நடந்து போய் வருகிறவர். நேரே சொன்னால் கேட்க மாட்டார். "முசே, ஷூவைக் குடுங்க, பாலிஷ் போட்டுத் தரேன்" என்று வாங்கி, வண்டிக்கு அடியில் கரி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். ஐந்து நாள் பாலிஷ் காயவில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்த முசேவுக்குக் கால் வீங்கியது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றார்.

"நடக்குற மனுஷனை உக்கார வெச்சா கால் வீங்காம இன்னா பண்ணும்?" அஞ்சலாட்சி கத்தினாள். "ஷூவைக் குடுத்துத் தொலைய்யா."

"கால் வீக்கத்துக்கு நடை ஆவாது. பத்தியம்தான் வேணும்."

அவன் தன் ஆஸ்பத்திரியைத் தானே நடத்த ஆரம்பித்துவிட்டான். சின்னப்பொண்ணைக் கூப்பிட்டு உத்தரவு போட்டான்.

"இனிமே மீன் கெடையாது. முட்டை கெடையாது. எண்ணெய் கண்ணுல காட்டக் கூடாது. கஞ்சி, அதுவும் தெளிவா."

"கஞ்சியாண்ணே? அவரு துண்றதே..."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. வயசான ஒடம்பு. வயித்தைக் காயப்போட்டாதான் நோவு வெளிய போவும்."

சின்னப்பொண்ணு அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு எலிஸபெத் அம்மாவின் பேத்திக்கு ஞானஸ்நானம். முசேவுக்கு ஒரு பெரிய டப்பா நிறைய பிரியாணி வந்தது. கோழிக்கால் இரண்டு மூடிக்கு வெளியே எட்டிப் பார்த்தது. வாசனை தெருவைத் தாண்டி வர, கமலக்கண்ணன் பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினான்.

முசே சட்டைக் காலரில் துண்டைச் செருகி, கையில் முள்கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ முசே! விஷம், விஷம்!" டப்பாவைப் பிடுங்கிக்கொண்டான்.

"ஒரு வாய் மட்டும், கமலக்கண்ணா."

"ஒரு பருக்கை கூடாது. நீங்க எங்களுக்கு வேணும் முசே."

முசேவுக்குக் கண் கலங்கிவிட்டது. மசாலாக் காரம் கண்ணில் பட்டிருக்கும் என்று கமலக்கண்ணன் நினைத்தான். அவர் இன்னும் டப்பாவில் கரண்டியே வைக்கவில்லை.

வீணாக்கக் கூடாதே என்று பிரியாணியை வீட்டுக்குக் கொண்டுபோனான். அபிதான் முதலில் சாப்பிட்டாள்.

"செமையா இருக்குப்பா. முசே சாப்பிட்டாரா?"

"அவருக்கு இதெல்லாம் ஆவாதும்மா. கஞ்சி குடிச்சிட்டாரு."

"ரெண்டு நாளா அவருக்குக் குரலே சரியா வரலப்பா. எனக்குப் பயமா இருக்கு."

அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது. முசேவுக்காகவா, ஃபீஸுக்காகவா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். பதில் பிடிக்காததால் இரண்டாவது கோழிக்காலை எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலையில் முசே வாசற்படியில் விழுந்தார். ரொட்டி வாங்கக் கிளம்பியிருக்கிறார், வெறுங்காலோடு. நெற்றியில் ரத்தம். கமலக்கண்ணன் அவரைத் தூக்கினான். தூக்கியவன் திடுக்கிட்டான், துணி மூட்டையைவிடக் கனம் குறைவு. இராமதாஸின் ஆட்டோவில் போட்டுக்கொண்டு கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். சின்னப்பொண்ணும் ஏறிக்கொண்டாள். வழி நெடுக முசேவின் தலை அவன் மடியில் ஆடிக்கொண்டே வந்தது. "முசே, கண்ணைத் தொறங்க. மார்ச் முசே, மார்ச்!" என்று அவன் அழுதான். ஃபீஸைத்தான் சொல்கிறான் என்று இராமதாஸுக்குத் தெரியும். ஹாரனை விடாமல் அடித்தான்.

சின்ன வயசு டாக்டரம்மா சோதித்தாள், ரத்தம் எடுத்தாள், எக்ஸ்ரே பார்த்தாள். ஒரு மணி நேரம் கழித்து வராந்தாவுக்கு வந்தாள்.

"நீங்க பெரியவருக்கு இன்னா வேணும்?"

"மகன் மாதிரிங்க."

"மகனா? இருமல் சாதாரணச் சளி, விட்டிருந்தா தானா போயிருக்கும். இவருக்கு நோய் எதுவும் இல்ல. ஒடம்புல ரத்தமே இல்ல, சத்தே இல்ல. கால் வீக்கமும் அதனாலதான். இது ஒரு வாரத்துல வந்தது கெடையாது, வருஷக்கணக்குல வயித்துக்கு இல்லாம இருந்திருக்காரு. வீட்டுல சோறு போடறீங்களா, இல்லையா?"

"பொழைப்பாரா டாக்டரம்மா?"

"ரொம்ப லேட்டா கொண்டாந்திருக்கீங்க. பாக்கலாம்."

போகிற வருகிறவர்கள் எல்லாம் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பெற்ற தகப்பனைப் பட்டினி போட்டவனைப் பார்க்கிற பார்வை. அவனுக்கு அவமானமும் துக்கமும் ஒன்றாகப் பொங்கிக் கோபமாக வெளியே வந்தது. யார் மேலாவது கொட்ட வேண்டும். சின்னப்பொண்ணு பக்கத்தில் இருந்தாள்.

"பாத்தியா? பாத்தியா இந்தக் கூத்தை! மாசம் பொறந்தா பிரான்ஸ்லேருந்து பென்ஷன் வந்து கொட்டுது. பொண்டாட்டியில்ல, புள்ளையில்ல. இப்படியா ஒரு மனுஷன் வயித்தைக் கட்டுவான்? துண்ணாம கொள்ளாம யாருக்குச் சேத்து வெக்கிறாரு இந்தக் கஞ்சன்?"

"சத்தம் போடாதண்ணே."

"போடுவேன். எனக்குத் தெரியணும். யாருக்கு?"

சின்னப்பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லக் கூடாது என்று முசே அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வார்டுக் கதவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள்.

"பென்ஷன் வாங்குனது அவங்க அண்ணன், அது அவரோடவே போச்சுண்ணே, இவருக்கு அந்த ஜெராக்ஸ் கடை வாடகை மட்டுந்தான், அதுல உங்க அபிக்கு ஃபீஸ் கட்டிட்டு மூணு வருஷமா ஒரு வேளைதான் துண்றாரு."