ஐந்நூறு வோல்ட் மாப்பிள்ளை

கல்யாணத்துக்கு முன்பே மாமனாருக்கு ஷாக் கொடுத்த மாப்பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள். மின்சாரத்தால் கொடுத்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

எழுபதுகளின் தொடக்கம். நான் வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் எலக்ட்ரீஷியன். திருப்புட்குழி சரோஜாவை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அவள் அப்பா கல்யாணங்களுக்கு வாடகைக் கார் ஓட்டுபவர். அந்தக் காரில் ஒரு விசித்திரக் கோளாறு: இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அலறும். அதற்குப் பயந்து வலது பக்கமாகவே திரும்பித் திரும்பி, காஞ்சிபுரத்தில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தை பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

"நான் சரி பண்ணித் தரேன் மாமா" என்று சொல்லிவிட்டேன். (அவர் கேட்கவே இல்லை.)

சோதிக்க ஒரு கருவி வேண்டுமே. மின்சாமான் கடைக்காரர் ஒரு சின்ன பல்பையும் இரண்டு ஒயரையும் நீட்டினார்.

"கரண்ட் வந்தா எரியும், வராட்டி எரியாது. காருக்கு இது போதும்பா."

பெண் வீட்டுக்குப் போய் பல்பைக் காட்டுவதா? ஆலையிலிருந்து மெக்கரைக் கேட்டு வாங்கினேன். பெரிய மோட்டார்களில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற கனத்த பெட்டி அது. கைப்பிடியைச் சுற்றினால் ஐந்நூறு வோல்ட் கிளம்பும். பார்ப்பதற்கே மரியாதையாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, வீடே வாசலில் நின்று பார்த்தது. மெக்கரின் ஒரு ஒயரைக் கார் உடம்பில் மாட்டினேன். இன்னொன்றை ஹாரன் ஒயரோடு சேர்த்தால் நழுவிக்கொண்டே இருந்தது.

"மாமா, இத கொஞ்சம் அழுத்திப் புடிச்சிக்கினு இருங்க."

டிரைவர் சீட்டில் இருந்த மாமா ஒரு கையால் ஒயரைப் பிடித்தார். இன்னொரு கை கார்க் கதவின் இரும்பில் இருந்தது. நான் குனிந்து சுற்றினேன். முள் சரசரவென்று பூஜ்யத்துக்கு இறங்கியது. அப்படி இறங்கினால் கசிவு என்று அர்த்தம்.

"கோளாறு கெடச்சிடுச்சி மாமா" என்று இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

மாமாவிடமிருந்து 'கெகெகெ' என்று ஒரு சத்தம் வந்தது. சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

சரோஜா அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் வார்த்தையாக, "சுத்தறத நிறுத்துங்க. கோளாறு ஒயர்ல இல்ல, எங்கப்பா மேல இருக்குது" என்றாள்.

கைப்பிடியை விட்டேன். மாமா இறங்கினார். தலைமுடி நின்றபடியே உள்ளே போனார். நிச்சயம் முறிந்தது என்றே நினைத்து மெக்கரைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மாமா வெளியே வந்து, "வேலயில மும்முரமா இருக்கிற புள்ள" என்று மட்டும் சொன்னார். மறுநாள் ஒரு மெக்கானிக் அதே சின்ன பல்பை வைத்து, ஸ்டியரிங் குழாய்க்குள் ஒயர் தோலுரிந்து உரசுவதைப் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தான்.

முகூர்த்தத்தில் பெண்ணின் கையை என் கையில் வைத்துத் தாரை வார்க்கும் நேரம். மாமா முதலில் புறங்கையால் என்னை லேசாகத் தொட்டுப் பார்த்தார், இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதுபோல. பிறகுதான் பிடித்தார்.

இன்றைக்கும் வீட்டில் ஃபியூஸ் போனால் சரோஜா சமையலறையிலிருந்தே கேட்பாள்: "புடிச்சிக்க ஆள் யாருனா வேணுமா?"