தெர்மாகோலில் ஒரு சர்வே கல்

தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களில் நீங்கள் எதை வேண்டுமானாலும் செய்யலாம். பாட்டுப் பாடலாம், குட்டிக்கரணம் போடலாம், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கையில் ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் குனிந்து நிமிர்ந்து மட்டும் பார்க்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் அக்கம்பக்கத்து ஊர் ஜனமெல்லாம் வந்துவிடும். வயலிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஏனென்றால் நான் அப்போது இயக்குநர். (இயக்குநருக்கு எல்லாம் தானாகவே தெரியும் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். சொன்னது நான்தான்.)

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிப்பில் என்னைச் சேர்த்ததற்காக அப்பா தன்னைத்தானே மன்னிக்கவில்லை. "போட்டோ ஸ்டூடியோ வைக்கிறதுக்கு எதுக்கு டிகிரி? நம்ம ஊர் ஸ்டூடியோக்காரரு எந்த காலேஜ்ல படிச்சாரு?" என்பது அவருடைய நிரந்தரக் கேள்வி. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"செல்வி, இந்தப் பருவத்துக்குள்ள உருப்படியா ஒண்ணு காட்டு. இல்லாட்டி பேராவூரணி அத்தை வீட்டுக்குப் போயி டீச்சர் டிரெயினிங் படி. நானும் நிம்மதியா இருப்பேன்."

அந்தப் பருவத்துக்கு எங்கள் பேராசிரியர் கொடுத்த வேலை: ஒரு படத்தின் தொடக்கம். முழுப் படம் வேண்டாம், தொடக்கம் மட்டும், டைட்டிலோடு மூன்று நிமிடம். மற்றவர்களெல்லாம் கனவு, ரயில், தற்கொலை என்று கிளம்பினார்கள். எனக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே முதல்தரமான கதை ஒன்று சும்மா கிடந்தது.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவே ஒரு வரப்பு. அது அப்பா பக்கம் ஒரு முழம் நகர்ந்துவிட்டது என்பது அப்பாவின் கட்சி. (அதாவது பெரியப்பா நகர்த்திவிட்டார்.) இல்லை, தன் பக்கம்தான் நகர்ந்தது என்பது பெரியப்பாவின் கட்சி. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள், இடத்தை விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனமில்லாததால். "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள்" என்று சாமியார் சொல்லும் இடத்தில் அப்பா வடக்கே திரும்பிக் கும்பிடுவார், பெரியப்பா தெற்கே திரும்பிக் கும்பிடுவார்.

படத்தின் பெயர் 'எல்லை'. விடியற்காலை. பச்சை வயல். ஒரு சர்வேயர் சங்கிலியோடு நடந்து வருகிறார். கல்லை நடுகிறார். டைட்டில். அவ்வளவுதான். இதில் என்ன தவறு நடந்துவிட முடியும் என்று இன்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

சர்வேயராக நடித்தவன் என் வகுப்புத் தோழன் பாஸ்கர். இருபது வயதில் நாற்பது வயதுக்காரரின் மீசையும் தொப்பையும் வாய்த்த பாக்கியசாலி. அவனுக்கு ஒரே ஒரு வசனம்: "எல்லாம் ரூல்படிதான் நடக்கும்." நான் 'கட்' சொல்லும் வரை பாத்திரத்திலிருந்து வெளியே வரக்கூடாது, வானம் இடிந்து விழுந்தாலும் அந்த வசனத்தைத் தவிர வேறு பேசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சங்கிலி எங்கள் வீட்டு ஊஞ்சலிலிருந்து கழற்றியது. சர்வே கல் தெர்மாகோல். சிமெண்ட் கலரில் பெயின்ட் அடித்து, மேலே அம்புக்குறியும் போட்டு, அடியில் ஒரு குச்சி சொருகியிருந்தோம். பக்கத்தில் நின்று பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கல்லைப் பற்றி எனக்கு இன்றும் பெருமைதான்.

கேமராவுக்கு மாணிக்கம் அண்ணன். தஞ்சாவூரில் கல்யாண வீடியோ எடுப்பவர். புரட்டாசி மாதம் முகூர்த்தம் இல்லாததால் கேமராவும் அவரும் சும்மா இருந்தார்கள். "சினிமாவா பாப்பா? நான் எத்தனை கல்யாணத்த சினிமா மாதிரி எடுத்திருக்கேன்!" என்று ஒரே ஒரு நாளைக்கு ஒப்புக்கொண்டார். ஐப்பசி பிறந்துவிட்டால் அவருக்கு வரிசையாகக் கல்யாணம்.

அப்பாவிடம் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கு வயலில் யார் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். (ஒரு வருடம் ஹாஸ்டலில் எட்டு மணிக்கு எழுந்ததன் விளைவு. நடவு நேரத்தில் ஆறு மணிக்கு எங்கள் ஊரில் வீட்டில்தான் யாரும் இருக்க மாட்டார்கள்.) இயல்பாக வரவேண்டும் என்பதற்காகக் கேமராவை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் மறைத்து வைத்தோம். நானும் மாணிக்கம் அண்ணனும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். பாஸ்கர் மட்டும் தன்னந்தனியாகச் சங்கிலியும் கல்லுமாக வரப்பில் நடந்தான்.

நடவு ஆட்கள் முதலில் பார்த்தார்கள். பிறகு வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தவர். பிறகு எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியாத ஒரு கூட்டம். அப்போது தேர்தலில் ஜெயித்து வந்திருந்தவர்கள் வீட்டுக்கொரு கலர் டிவி, நிலமில்லாதவர்களுக்கு நிலம் என்று அறிவித்திருந்தார்கள். டிவி வந்துவிட்டது. நிலம் வரும் என்று ஒரு பாதி ஊர் காத்துக்கொண்டிருந்தது. அது தன்னிடமிருந்துதான் போகுமோ என்று மறு பாதி உதறிக்கொண்டிருந்தது.

"நடவு நேரத்துல எந்த சர்வேயரும் வரமாட்டான். வந்திருக்காருன்னா மேலிடத்து உத்தரவு" என்றார் ஒருவர்.

"ஐயா, எங்களுக்கு எந்தப் பக்கத்து நெலங்கய்யா ஒதுக்கியிருக்கு?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"எல்லாம் ரூல்படிதான் நடக்கும்" என்றான் பாஸ்கர்.

"எங்க பக்கம் எதையும் எடுத்துட மாட்டீங்கல்ல சார்? டீ சாப்பிடுறீங்களா?"

"எல்லாம் ரூல்படிதான் நடக்கும்."

"டீ கூட வாங்கிக்க மாட்டேங்கிறாரு. என்னா நேர்மையான மனுசன்!"

அவன் அந்தச் சர்வே கல்லை ஒற்றைக் கையால் அக்குளில் இடுக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, "என்னா பலம்யா!" என்றும் ஒரு குரல் கேட்டது. எனக்கோ கொட்டகைக்குப் பின்னால் மயிர்க்கூச்செறிந்தது. துணை நடிகர்களுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை, என்ன நடிப்பு! 'கட்' சொல்ல எனக்கு மனமே வரவில்லை.

அப்போது கிழக்கேயிருந்து பெரியப்பா வந்தார். தம்பி தனக்குத் தெரியாமல் சர்வேயரைக் கூட்டி வந்துவிட்டான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேற்கேயிருந்து அப்பா வந்தார். அண்ணன் தனக்குத் தெரியாமல் சர்வேயரைக் கூட்டி வந்துவிட்டார் என்று, அநேகமாக அதே ஆள், அவரிடமும் சொல்லியிருக்கிறார். பாஸ்கர் சரியாக அந்த வரப்பின்மேல் கல்லை ஊன்றிக்கொண்டிருந்தான்.

"சார், உங்களை யாரு கூப்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியும். காசு கொடுத்தா கல்லு நகந்துடுமான்னு அவங்களக் கேளுங்க" என்றார் பெரியப்பா, அப்பாவைப் பார்க்காமல்.

"சார், கூட்டிட்டு வந்தவங்களே இப்புடிப் பேசுனா என்ன அர்த்தம்னு கேளுங்க" என்றார் அப்பா, வானத்தைப் பார்த்து.

"எல்லாம் ரூல்படிதான் நடக்கும்" என்றான் பாஸ்கர். அவன் குரல் நடுங்க ஆரம்பித்திருந்தது. கண் மோட்டார் கொட்டகையைத் தேடியது. நான் அதையும் நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

பெரியப்பாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வேட்டியை மடித்துக் கட்டினார். "ரூலாவது மண்ணாவது!" என்று குனிந்து கல்லை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கருங்கல்லைப் பிடுங்குவதற்கு எவ்வளவு பலம் வேண்டுமோ அவ்வளவையும் கூட்டி, ஒரு இழுப்பு இழுத்தார். தெர்மாகோல் அவரோடு சந்தோஷமாகக் கிளம்பி வந்தது. பரம்படித்துச் சமன் செய்து வைத்திருந்த சேற்றில், கல்லை மார்போடு அணைத்தபடி, மல்லாக்க விழுந்தார்.

அப்பா சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் பெரியப்பா எழுந்திருக்கவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணே!" என்று ஒரு சத்தம். வரப்பிலிருந்து குதித்து, நட்டிருந்த நாற்றையெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினார். தூக்கி உட்காரவைத்து, தோள் துண்டால் முகத்துச் சேற்றைத் துடைத்தார். பெரியப்பா கண்ணைத் திறந்து, "இது என்னடா கல்லு?" என்றார். இத்தனை வருடத்தில் தம்பியிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிமிடத்தில்தான், நான் கொட்டகைக்குப் பின்னாலிருந்து துள்ளி வந்து, "கட்! சூப்பர்!" என்று கத்தினேன்.

அதன் பிறகு நடந்ததை விவரிக்க விரும்பவில்லை. ஓடத் தெரியாத பாஸ்கர் ஓடினான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று ஒரே குரலில் என்னைத் திட்டினார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தொடர்ந்தார். அவர்களுக்குள் அப்படியொரு ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லை. கடைசியில் அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எங்க அண்ணன் சேத்துல விழுந்தது எவன் கண்ணுலயாவது பட்டுச்சு, அன்னியோட உன் படிப்பு முடிஞ்சுது. காலேஜ்ல காட்டுறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டணும்."

"எனக்கும் காட்டணும். விழுந்தது நான்தானே?" என்றார் பெரியப்பா.

மறுநாள் மாணிக்கம் அண்ணனின் கடையில் உட்கார்ந்து டேப்பைப் போட்டுப் பார்த்தேன். விடியல் இல்லை. பச்சை வயல் இல்லை. பழக்கதோஷத்தில் அவர் வந்திருந்த ஜனங்களின் முகத்தை ஒவ்வொன்றாக, பந்தியில் உட்கார்ந்தவர்களை எடுப்பதுபோல் வரிசையாக எடுத்திருந்தார். ஒரு நடவுக்காரம்மாவைக் கால் கொலுசிலிருந்து தலைப்பூ வரை எடுத்திருந்தார். இவை போக மிச்சம் முழுக்க அப்பாவும் பெரியப்பாவும் சண்டையும். அதை வெட்டினால் படம் இல்லை. வெட்டாவிட்டால் நான் பேராவூரணி.

அழுதேன். (இயக்குநர்கள் எடிட்டிங் அறையில் அழுவது சகஜம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.)

மாணிக்கம் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதுக்கா அழுவுற? கல்யாண வீட்டுல நடக்காத சண்டையா பாப்பா? மாப்பிள்ளையோட மாமன் சட்டையப் புடிச்சதையே நான் ஆசீர்வாதம் பண்ற மாதிரி வெட்டிக் கொடுத்திருக்கேன். நீ போய் டீ குடிச்சுட்டு வா."

டீ குடித்துவிட்டு வந்தேன். கரண்ட் போயிருந்தது. அது வருவதும், அவர் இரண்டு வெட்டு வெட்டுவதும், திரும்பப் போவதுமாக அன்றைய பொழுது கழிந்தது. சிடி சூடாக வெளியே வந்தபோது எங்கள் ஊருக்குப் போகும் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. என் படத்தை நானே பார்க்காமல் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அரசாங்கம் கொடுத்த கலர் டிவிக்கு முன்னால் அப்பா ஒரு நாற்காலியில். பெரியப்பா, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எங்கள் வாசற்படி ஏறி வந்து, இன்னொரு நாற்காலியில். நடுவே ஒரு முழம் இடைவெளி. ஜெபமாலையின் எல்லா மணிகளையும் மனதுக்குள் உருட்டிவிட்டுப் பட்டனை அமுக்கினேன்.

திரையில் ஒரு தாமரை மலர்ந்தது. அதற்குள்ளிருந்து 'எல்லை' என்று தங்க எழுத்துகள் சுழன்று வந்தன. நாதஸ்வரம். பாஸ்கர் நடந்து வந்தான். ஊர் ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். கிழக்கேயிருந்து பெரியப்பா வந்தார், மேற்கேயிருந்து அப்பா வந்தார், மெதுவாக, மிக மெதுவாக, ஒருவரைத் தேடி ஒருவர் வருவதுபோல. பேச்சுச் சத்தம் ஒன்றுகூட இல்லை. அப்பா வாய்விட்டுச் சிரித்தார், அண்ணனைக் கண்ட சந்தோஷத்தில் சிரிப்பதுபோல. அடுத்த வெட்டில் சேற்றில் இறங்கி ஓடினார். அடுத்ததில் அண்ணன் முகத்தைத் துண்டால் துடைத்தார். விழுந்தது எங்குமே இல்லை. இருவர் முகமும் அப்படியே உறைந்து நிற்க, சுற்றிலும் ஒரு சிவப்பு இதயம் வந்து மூடியது. ரோஜா இதழ்கள் கொட்டின.

எனக்குக் காது இரண்டும் எரிந்தது.

"நான் விழவே இல்லையேடா?" என்றார் பெரியப்பா.

"விழுந்தீங்க. நான்தான் ஓடியாந்து தூக்குனேன்."

"அது தெரியும் போடா." என் பக்கம் திரும்பி, "திரும்பப் போடு" என்றார்.

கரண்ட் போகும் வரை திரும்பத் திரும்பப் போட்டேன். இருட்டில் அப்பாவின் குரல் கேட்டது. "சரி, கொண்டுபோயிக் காலேஜ்ல குடு. அடுத்த படத்த மட்டும் நம்ம வயல்ல எடுக்காத, நாத்து பாழாப்போவுது. பெரியப்பா வயல்ல எடு."

"ஏன், எம் பக்கம் நாத்து இல்லியா?" என்று பெரியப்பா ஆரம்பித்தார். அன்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டது நேருக்கு நேர்.

கல்லூரியில் தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தொடக்கம் கேட்டா கிளைமாக்ஸைக் கொண்டாந்திருக்கீங்களே?" என்றார். "எங்க ஊர்ல எல்லாம் இங்கிருந்துதான் சார் தொடங்கும்" என்றேன், துளிகூடக் கூசாமல். பாஸ் போட்டார். இதயத்துக்கு மட்டும் மதிப்பெண் குறைத்தார்.

படிப்பை முடித்தேன். சென்னைக்குப் போய் விளம்பரப் படம் எடுக்கிறேன். வரப்புப் பிரச்சனை மட்டும் போன வருடம்தான் தீர்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து மனுக் கொடுத்து, நிஜமான சர்வேயர், நிஜமான செயினோடு, நடவெல்லாம் இல்லாத கோடையில் வந்தார். யாருக்கு எத்தனை அங்குலம் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் கல்லை நட்டு முடித்ததும் பெரியப்பா போய்க் குனிந்து, தேங்காயைத் தட்டுவதுபோல் அதை விரல் முட்டியால் தட்டிப் பார்த்திருக்கிறார். பிறகு அப்பாவும் போய்த் தட்டிப் பார்த்திருக்கிறார்.

சர்வேயருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க இது? கவர்மெண்ட் கல்லு மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லியா?"

"அப்புடியெல்லாம் இல்லீங்க சார்" என்றாராம் அப்பா. "எங்க வீட்டுல ஒரு டைரக்டர் இருக்கு."