ரயில் பாதையில் ஒரு வளையல் ஊர்வலம்

நாற்பதைத் தாண்டிய ஆணை யாரும் பாராட்ட வேண்டியதில்லை. லேசான இறக்கத்தில் ஒரு சைக்கிளில் ஏற்றிவிட்டால் போதும், தன்னைத்தானே பாராட்டிக்கொள்வான்.

என் கொழுந்தியாளுக்கு வளைகாப்பு, அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில், எங்கள் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாலரைக்கு ராகு காலம். அதற்குள் முதல் வளையல் கையில் ஏறிவிட வேண்டும் என்பது ஈரோட்டிலிருந்து வந்திருந்த மாமியாரின் உத்தரவு. எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஊரிலிருந்து கண்ணாடி வளையல் கொண்டுவந்திருந்த ஓர் ஆன்ட்டி வீட்டுக்குப் போய் அதை வாங்கி வர வேண்டும். (சமையலில் என்னைச் சேர்ப்பதில்லை. அது தனிக் கதை.)

வாங்கியாயிற்று. நேரமும் நிறைய இருந்தது. ஆன்ட்டி வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பாதை. ஒரு காலத்தில் சரக்கு ரயில் ஓடியதாம்; இப்போது தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் பொடிக்கல் பரப்பி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கிறார்கள். காரின் பின்னால் என் புது சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன ரவுண்டு போனால் என்ன? வளையலைக் காரில் வைத்தால் எவனாவது தூக்கிவிடுவான் என்று (அமெரிக்கத் திருடனுக்கு அப்படி என்ன வளையல் ஆசையோ) பையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சைக்கிள் பறந்தது. மிதிக்கவே வேண்டாம். முதுகில் வளையல்கள் கலகலக்க, முன்னால் போனவர்கள் பெல் என்று நினைத்து ஒதுங்கினார்கள். நாயோடு நடந்த வயதான தம்பதியை ராஜநடையில் முந்தினேன். எனக்குள் இத்தனை வருடம் ஒரு வீரன் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். மனைவிக்குப் போன் செய்தே சொன்னேன்.

"சரிங்க, வீரன் எப்ப வீட்டுக்கு வருவாரு?"

"இதோ, திரும்பிட்டேன்."

திரும்பிய பிறகுதான் புரிந்தது. ரயில் ஏறுகிற ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது. தொடைக்கு மட்டும்தான் தெரியும். வந்த வழியெல்லாம் இறக்கம். அப்படியானால் போகிற வழியெல்லாம்? கொஞ்ச தூரம் மிதித்தேன். பிறகு தள்ளினேன். பிறகு நான் சைக்கிளைத் தள்ளுகிறேனா, சைக்கிள் என்னைத் தாங்குகிறதா என்று சொல்ல முடியாத நிலை. அதற்குள் தாங்களும் திரும்பி நடந்த அந்த வயதான தம்பதி என்னை முந்தினார்கள். பெரியவர் நின்று, "ஆர் யூ ஓகே?" என்றார்.

"ஜஸ்ட் என்ஜாயிங் தி வியூ," என்றேன், தரையைப் பார்த்தபடி.

மறுபடி போன். "என்னங்க, எங்க இருக்கீங்க? அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமா நடக்கறாங்க."

"டிராஃபிக்கும்மா."

"டிராஃபிக்ல எதுக்குங்க குருவி கத்துது?"

போனைப் பாக்கெட்டில் போட்டு மறுபடி தள்ளினேன். காரை அடைந்து, வீட்டுக்கு ஓட்டி, தலையில் ஹெல்மெட்டோடு கூடத்துக்குள் நுழைந்தபோது ராகு காலத்துக்குச் சில நிமிடங்களே பாக்கி. மாமியார் பையைப் பிடுங்கினார், பிரித்தார், முதல் வளையலை மகள் கையில் ஏற்றினார். அதன் பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். ஒரு வளையல்கூட உடையவில்லை. (நான் வந்த வேகத்துக்கு முட்டையே உடைந்திருக்காது.)

நான் ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையை இடுப்பில் வைத்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மணையில் உட்கார்ந்திருந்த கொழுந்தியாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, நின்னுட்டே இருக்காதீங்க, வந்து உக்காருங்க. உங்களுக்கு எத்தனாவது மாசம்?"

கூடமே சிரித்தது. வளையலைக் கொடுத்துவிட்டு எனக்கு முன்பே விழாவுக்கு வந்து சேர்ந்திருந்த அதே ஆன்ட்டி என் கன்னத்தில் சந்தனம் பூசி, "முதல் பிரசவமா தம்பி? பயப்படாதீங்க," என்றார். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அதற்கும் போட்டோ இருக்கிறது.

அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் அரிசி மூட்டையோடு மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினேன். மேலிருந்து எட்டிப் பார்த்தவள் கேட்டாள்: "பெரியப்பா, விச் மந்த்?"

ஒன்பது என்றேன். மூட்டையின் ஒரு முனையைப் பிடிக்க ஓடி வந்தாள்.