பதிவேட்டில் பாய் ஒன்று

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். ஆனால் இங்கே நலம் கையிருப்பில் இல்லை. அங்கே கூடுதலாக இருந்தால் அத்தானைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் அனுப்பி வை. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. மானத்துக்குத்தான் வந்திருக்கிறது.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன், ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்காமல் இந்தக் கடலோர அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளராகப் போனேனே, அப்போதே நீ சொன்னாய்: "டேய், உனக்குத் தண்ணித் தொட்டியைப் பாத்தாலே பயம். கடல் சாமானைப் பத்தி நீ என்னத்தைக் கண்டே? ஆழம் தெரியாம காலை விடாதே!" நான் கேட்டேனா? பொருள் எதுவானால் என்ன, பதிவேடு பதிவேடுதானே என்று வசனம் பேசினேன்.

அருங்காட்சியகம் என்பது ஒரு பழைய உப்புக் கிடங்கு. துடுப்பு, துருப்பிடித்த நங்கூரம், துறைமுக மணி என்று எண்பத்தேழு பொருள்கள். எனக்கு முன்னால் இருந்த ஓவிய ஆசிரியர் மகா சுருக்கக்காரர். நாற்பத்தோராம் எண்ணுக்கு நேரே இப்படி எழுதியிருந்தார்: 'பாய் ஒன்று. பழையது. கொடுத்தவர்: படகுக்காரர் மகள்.' சரிபார்த்தபோது மற்றதெல்லாம் இருந்தது, பாயை மட்டும் காணோம். விடுவேனா? மூன்று நாள் தேடி, துடுப்புகளுக்குப் பின்னால் சுருட்டிச் செருகியிருந்த ஒரு கோரைப் பாயைக் கண்டுபிடித்தேன். தூசி தட்டிக் கண்ணாடிப் பெட்டியில் விரித்து, 'தொடாதீர்கள்' என்று அட்டை வைத்து, அதோடு நிற்காமல் ஒரு குறிப்பும் எழுதினேன்: 'புயலோடு போராடிக் கரை திரும்பிய படகோட்டி, களைத்துக் கண்ணயர்ந்த பாய்.' பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் எழுத்துக்கு நானே மயங்கினேன் அக்கா.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஓடு உடைந்து நங்கூரத்தின் தலையில் சொட்டியது. மூலையில், சீட்டு எதுவும் ஒட்டாமல், மீன் வாடையோடு ஒரு பெரிய துணி மூட்டை கிடந்தது. யாரோ விட்டுப்போன தார்ப்பாய் என்று நினைத்து, அதைக் கூரைமேல் போட்டுக் கட்டச் சொன்னேன். காவல்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "கட்டுன்னா கட்டுப்பா" என்று அடக்கிவிட்டேன்.

நேற்று படகுக்காரரின் மகள் போன் செய்தார்.

"சார், எங்கப்பாவோட பாய் உங்ககிட்டதான் இருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை பாக்க வரலாமா? அவர் போன பிறகு படகையும் உடைச்சுட்டாங்க. மிச்சம் அது ஒண்ணுதான்."

"தாராளமா வாங்கம்மா. கண்ணாடிப் பெட்டியில பத்திரமா வெச்சிருக்கேன்."

"பெட்டியிலயா? அவ்வளவு பெரிசு எப்படி சார் அடங்குச்சு?"

"ஒரு ஆள் படுக்கிற அளவுதானேம்மா?"

"சார், அது படுக்கிற பாய் இல்ல. படகுல கட்டுற பாய். காத்துப் பிடிக்கிற பாய்."

மெல்ல அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். தார்ப்பாய் என்ற சொல்லுக்குள்ளேயே பாய் இருக்கிறதே, அப்போதாவது இந்த மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டாமா? உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "அதுவும் இருக்கும்மா, நல்ல உயரமான இடத்துல வெச்சிருக்கோம்" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

போனை வைத்ததும் காவல்காரரைக் கூப்பிட்டேன்.

"அப்ப அந்தக் கோரைப் பாய் யாருதுப்பா?"

"என்னுது சார்."

"இத்தனை நாளா ஏன்யா சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க எழுதி வெச்சதைப் படிச்சேன். புயலு, படகோட்டின்னு இருந்துச்சா, எனக்கே சந்தேகமாப் போச்சு. மூணு மாசமா அட்டையை விரிச்சுப் படுக்கிறேன் சார்."

உடனே இறக்கிவிடலாம் என்றால் மழை விட்டபாடில்லை. இறக்கினால் உள்ளே இருக்கும் எண்பத்தாறும் நனையும், இறக்காவிட்டால் அது ஒன்று நனையும். வீட்டில் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. அப்பாவின் நினைவாக இருந்த ஒரே பொருளை நம்பி ஒப்படைத்த பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதனால் ராஜினாமா எழுதிவிட்டேன். அவர் வருவதற்கு முந்தைய நாள் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். முன்னறையை ஒழித்து வை. யார் கேட்டாலும் தம்பி இங்கே வரவில்லை என்று சொல்லிவிடு.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தெரியாத விஷயத்துக்கு விளக்கக் குறிப்பு எழுதக் கூடாது என்பதையும் அவர்களுக்குச் சேர்த்தே சொல்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத தம்பி

பின்குறிப்பு: அறையை ஒழிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டப் போகும்போது அந்தப் பெண் குடையோடு வந்து நின்றார். உயரமான இடம் என்று நான் சொன்னதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லையாம். வாசலிலேயே நின்று கூரையைப் பார்த்தார். "உள்ள ஒழுகுதா சார்?" என்று கேட்டார். "ஒரு சொட்டு இல்லம்மா" என்றேன். "அப்ப இறக்காதீங்க. எங்கப்பா இதைச் சும்மா மடிச்சு வெச்சு நான் பாத்ததே இல்ல" என்றவர், சட்டென்று குரலை உயர்த்தி, "ஆனா முடிச்சை எவன் போட்டது?" என்று குடையை என்னிடம் நீட்டிவிட்டு ஏணியில் ஏறினார். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன் அக்கா. அவர் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக் கட்டி முடிக்கும்வரை, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.